தாத்தாவின் படம் யாருக்குச் சொந்தம்?

2012 மே 9. சைபீரியாவின் தோம்ஸ்க் நகரத் தெருவில் ஓர் ஊர்வலம் கிளம்பியது. கட்சிக் கொடி இல்லை, தலைவர் படம் இல்லை. பலர் கையில் ஒரு கழி இருந்தது. அதன் நுனியில் பெரிதாக்கிய பழைய கறுப்பு வெள்ளைப் படம், கீழே பெயரும் பதவியும். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவமான செஞ்சேனையில் இருந்த தாத்தாக்கள், பாட்டிகள், கொள்ளுத் தாத்தாக்கள்! சுமார் 6,000 பேர் நடந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அழியாத படையணி’.

ஏற்பாடு செய்தவர்கள் ‘டிவி-2’ என்ற உள்ளூர்த் தொலைக்காட்சியின் பத்திரிகையாளர்கள் மூவர்: செர்கேய் லாபென்கோவ், செர்கேய் கொலோதோவ்கின், இகோர் த்மித்ரியேவ். மே 9 வெற்றி நாளில் பதக்கங்கள் குலுங்க நடந்துவரும் முதியவர்களின் வரிசை ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே வந்தது. நடக்க ஆளில்லாத இடத்தில் பேரப்பிள்ளைகள் படத்தோடு நடக்கட்டும் என்பதுதான் யோசனை. இது அரசு சாராதது, கட்சி சாராதது, வணிகம் சாராதது என்று அவர்கள் விதிகளை எழுதினார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு மனிதரை நினைப்பதுதான் நோக்கம் என்றும் சேர்த்தார்கள்.

அந்த வீட்டு நினைவுக்கு அங்கே பெரும் தேவை இருந்தது. போரில் சோவியத் ஒன்றியம் இழந்த உயிர்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம். ஜெர்மனியின் சரணாகதி பெர்லினில் 1945 மே 8 நள்ளிரவை ஒட்டிக் கையெழுத்தானபோது மாஸ்கோவில் 9-ஆம் தேதி பிறந்துவிட்டது; அதுவே வெற்றி நாள் ஆனது. ஆனால், அந்த நாளுக்குக் கிடைத்த விடுமுறை 1948-இலேயே பறிபோனது. வெற்றியின் 20-ஆம் ஆண்டான 1965-இல், சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் காலத்தில்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் போருக்குப் போய் வந்தவர்கள் வேலைக்குப் போனார்கள், வீடு கட்டினார்கள், பிள்ளை வளர்த்தார்கள். போரைப் பற்றிப் பலர் வாயே திறக்கவில்லை.

பாட்டிகள் இன்னும் அழுத்தம். செஞ்சேனையில் சுமார் 8 லட்சம் பெண்கள் பணியாற்றினார்கள். மருத்துவ உதவியாளர், தந்தித் தொடர்பாளர், விமானி, குறிபார்த்துச் சுடுபவர் என்று அவர்கள் செய்யாத வேலை குறைவு. ஊர் திரும்பியதும் பலர் பதக்கங்களைப் பெட்டிக்குள் பூட்டிவைத்தார்கள். ஆண்களோடு முன்னணியில் இருந்தவள் என்றால் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பெண்கள் பலரைத் தேடிப் போய்ப் பேசவைத்த எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் புத்தகம் 1985-இல்தான் வெளிவந்தது.

பாட்டி சொல்லாததைக் காகிதம் சொல்லிற்று. மாஸ்கோவை அடுத்த பொதோல்ஸ்க் நகரில் இருக்கும் பாதுகாப்பு அமைச்சக ஆவணக் காப்பகத்தின் போர்க்காலத் தாள்கள் படிப்படியாக இணையத்துக்கு வந்தன. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் பற்றிய தகவல் தளம் 2007-லும் பதக்கம் பெற்றவர்களுக்கான தளம் 2010-லும் திறக்கப்பட்டன. பெயரையும் பிறந்த ஆண்டையும் தட்டினால், பதக்கத்துக்கு மேலதிகாரி பரிந்துரைத்த தட்டச்சுத் தாளே திரையில் வரும். எந்த ஆற்றங்கரை, எந்தத் தேதி, குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது எத்தனை இடத்தில் தொலைபேசிக் கம்பியை ஒட்டுப்போட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் கணக்குகளின் கறார்த்தனம் இன்று வாசிப்பவரை உலுக்கும். 1941 ஆகஸ்டில் வந்த உத்தரவு ஒன்று, காயம்பட்டவர்களைக் களத்திலிருந்து சுமந்து வருவோருக்கு இன்ன பதக்கம் என்று பட்டியல் போட்டது. 15 பேரைக் கொண்டுவந்தால் ஒரு பதக்கம், 25 பேருக்குச் செந்நட்சத்திர விருது, 40 பேருக்குச் செங்கொடி விருது, 80 பேருக்கு லெனின் விருது. நிபந்தனை ஒன்று உண்டு. காயம்பட்டவரை அவருடைய துப்பாக்கியோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டும். இளம்பெண்கள் ஊர்ந்து ஊர்ந்து இழுத்து வந்தது மனிதரை மட்டுமல்ல.

பதக்கத் தாள் கிடைக்காத குடும்பங்களும் ஏராளம். ‘தகவல் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு நின்றவர்கள் அவர்கள். எதிரியிடம் பிடிபடுவதையே துரோகமாகக் கருதிய காலம் அது. அதனால் காணாமல் போனவரின் வீட்டையும் சந்தேகம் தொட்டது. அந்த வீரர்களைத் தேடி வசந்த காலம்தோறும் தன்னார்வக் குழுக்கள் நொவ்கோரொத் பகுதியின் ‘மியாஸ்னோய் போர்’ என்னும் சிற்றூர் போன்ற பழைய களங்களில் மண்ணைத் தோண்டுகின்றன. எலும்போடு சில வேளை விரல் நீளத்தில் திருகுமூடி போட்ட கறுப்புக் குப்பி ஒன்று கிடைக்கும். பெயரும் ஊரும் எழுதிய தாளைச் சுருட்டி வைக்கத்தான் அது கொடுக்கப்பட்டது. எழுதி வைத்தால் சாவு வரும் என்று நம்பிப் பலர் எழுதாமல் விட்டார்கள். சிலர் அதில் தையல் ஊசி வைத்துக்கொண்டார்கள். இத்தனை ஆண்டு கழித்து ஈரத்தில் ஊறிய தாளை விரித்து எழுத்தைப் படிக்க முடிந்தால், அந்தக் குடும்பத்துக்கு அன்றுதான் போர் முடிகிறது.

இப்படிச் சேர்ந்த படங்களும் கதைகளும்தான் தோம்ஸ்க் ஊர்வலத்தை ஊர் ஊராகப் பரப்பின. ஆனால், கூட்டம் பெருகும் இடத்துக்கு அரசு வராமல் இருக்குமா? வெற்றியின் 70-ஆம் ஆண்டான 2015-இல் மாஸ்கோவில் சுமார் 5 லட்சம் பேர் நடந்தார்கள். தன் தந்தையின் படத்தோடு அதிபர் புடினும் நடந்தார். லெனின்கிராட் போர்முனையில் படுகாயம் அடைந்தவர் அந்தத் தந்தை. அந்நகரின் முற்றுகையில் புடினின் அண்ணன் குழந்தையாகவே இறந்தார். அந்தப் படத்துக்கும் ஒரு வீட்டின் துயரம் உண்டு. ஊர்வலத்தைத் தொடங்கிய ‘டிவி-2’ அதே ஆண்டின் தொடக்கத்தில் ஒளிபரப்பை இழந்திருந்தது என்பது இன்னொரு துயரம். அந்த மாஸ்கோ ஊர்வலம் முடிந்த பிறகு, குவியலாகப் போடப்பட்ட படங்களின் புகைப்படங்கள் வெளிவந்தன. ஆள் கூட்டிக் கையில் கொடுத்த படங்களா என்று சர்ச்சை எழுந்தது. அடுத்த ஆண்டு கிரிமியாவில் அரசு வழக்கறிஞராக இருந்த நதாலியா பொக்லோன்ஸ்கயா, போருக்கு வெகுகாலம் முன்பே கொல்லப்பட்ட ரஷ்ய ஜார் இரண்டாம் நிக்கோலஸின் படத்தோடு நடந்தார்.

கொரோனா காலத்தில் ஊர்வலம் இணையத்துக்கு மாறியது. உக்ரைன் மீது படையெடுத்த 2022-இல் மீண்டும் தெருவுக்கு வந்தது. 2023-இல் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசே நிறுத்தியது. படத்தைக் காரில் ஒட்டலாம், சட்டையில் குத்திக்கொள்ளலாம், சமூக வலைத்தளத்தில் வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். புதிய போரில் செத்தவர்களின் படங்களும் வரிசையில் வந்துவிடும், எத்தனை பேர் என்று எல்லோரும் கண்ணால் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சமே உண்மைக் காரணம் என்ற ஊகமும் எழுந்தது.

எதிர்ப்பக்கத்திலும் அதே தாத்தாக்கள்தான். லட்சக்கணக்கான உக்ரைனியர்கள் செஞ்சேனையில் இருந்தார்கள். அதிபர் ஸெலென்ஸ்கியின் தாத்தா செம்யோனும் அதில் அதிகாரி. ஐரோப்பாவோடு சேர்ந்து மே 8-ஐ நினைவு நாளாக்கும் சட்டத்தை உக்ரைன் 2023-இல் கொண்டுவந்தது. ஒரே படைப்பிரிவில், ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது ஆளுக்கொரு தேதியில் பூ வைக்கிறார்கள். தாத்தாவின் பதக்கத் தாளைத் தேட வேண்டுமென்றால் மட்டும் கீவ் நகரத்துப் பேரனுக்கும் பொதோல்ஸ்க் காப்பகத்தின் தாள்களே கதி.