உங்களுக்குத் தெரியுமா?

சிறுமியரைத் தெய்வத்துக்கு மணமுடித்ததாகக் கொண்டு தாலி கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுச் சடங்கைச் சென்னை மாகாணம் 1947ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் தடை செய்தது. ஆனால், அன்றைய திருநெல்வேலிச் சீமையில், அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே, அவ்வாறு நேர்ந்துவிடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தானே தப்பியோடி வந்ததிலிருந்து ஒரு புகலிடம் உருவாகிவிட்டது.

• 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் அச்சிறுமிக்கு அடைக்கலம் தந்தவர், அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல். அதே ஆண்டில் களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூரில் நிலைகொண்ட அவருடைய இல்லம், பிள்ளைகளுக்கு வீடாகவும் பள்ளியாகவும் ஒருங்கே விளங்கியது.

• 1931இல் கீழே விழுந்து காயமுற்ற அவர், 1951இல் மறையும் வரை பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே இல்லத்துக்கு வழிகாட்டினார் என்பது வியக்கத்தக்கது.

• பொட்டுக்கட்டு ஒழிப்புக்காகச் சட்டமன்றத்தில் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும், தம்மிடம் அடைக்கலம் தேடி வந்த சிறுமியருக்காகவே 1930இல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

• இதைப் போன்றே, கென்யாவின் நாரோக் நகரில், பெண்ணுறுப்புச் சிதைப்பிலிருந்தும் இளவயதுத் திருமணத்திலிருந்தும் தப்பிவரும் மாசாய்ச் சிறுமியரைத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் இல்லத்தை, மாசாய்ப் பெண்ணான ஆக்னெஸ் பரேயோ 2002இல் திறந்தார்.