பள்ளிக்கூட உணவும் உள்ளூர் விளைபொருளும்

பயிரை விளைவிப்பது எவ்வளவு முக்கியமோ, விளைந்ததை நிலையாக வாங்குவோரைத் தேடிக்கொள்வதும் அவ்வளவு முக்கியமாகும். தொட்டியம், காட்டுப்புத்தூர் முதலான காவிரி வடகரை ஊர்களில் வாழை சாகுபடி செய்யும் குடியானவர்கள் இதனை அனுபவத்தில் அறிவார்கள். தார்கள் ஒரே சமயத்தில் முற்றிச் சந்தையில் குவியுமானால் விலை இறங்கிவிடுகிறது. பழமோ சில தினங்களுக்குமேல் தாங்குவதில்லை. இந்நிலையில், பள்ளி நடக்கும் நாளெல்லாம் அடுப்பு எரியும் சத்துணவுக் கூடங்கள் நம் ஊர்களிலேயே இருப்பதைக் கவனித்தல் வேண்டும்.

பூர்வ சரித்திரம்.— சர் பி. தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, 1920ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. இச்செலவை ஆரம்பக் கல்வி நிதியில் சேர்க்க அரசாங்கம் இசையாமையால் 1925ல் அது நின்றுபோயிற்று. 1956ல் திரு. காமராஜ் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவலாயிற்று. 1982 ஜூலை 1ந் தேதி திரு. எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நமது திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியிலேயாம். 2022ல் காலை உணவும் தொடங்கப்பெற்றது. நிலையான நிதியில்லாத தருமம் நெடுங்காலம் நில்லாது என்பதே 1925ம் வருஷம் கற்பித்த பாடம்.

பணம் செல்லும் வழி.— அரிசி அரசாங்கக் கிடங்கிலிருந்து வருகிறது. பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மூலமாகவும், முட்டை மொத்த ஒப்பந்தத்தின் மூலமாகவும் வருகின்றன. காய்கறி, தாளிதச் சாமான், எரிபொருள் ஆகியவற்றை மாத்திரம் சத்துணவு அமைப்பாளர், தலைக்கு இவ்வளவென்று அனுமதிக்கப்பட்ட தொகையைக்கொண்டு உள்ளூரில் வாங்குகிறார். ஆகவே குடியானவருக்கு நேரே திறந்திருக்கும் வாசல் இதுவொன்றே.

2021ல் மத்திய அரசாங்கம் அங்கீகரித்த ஐந்து வருஷத் திட்டத்தில், சமையற் செலவை மத்திய அரசாங்கம் 60, மாநில அரசாங்கம் 40 என்னும் விகிதத்தில் பகிர்ந்துகொள்ள ஏற்பாடாயிற்று. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் ஈடுபடுத்துமாறும், பள்ளித் தோட்டம் போடுமாறும் அதில் ஊக்கமளிக்கப்பட்டது. பிரேஸில் தேசமோ 1எல்லை வகுத்துச் சட்டமே செய்தது. 2009ல் இயற்றப்பட்ட அச்சட்டப்படி, பள்ளி உணவுக்கென மத்தியில் அளிக்கும் பணத்தில் 30 சதவிகிதத்திற்குக் குறையாமல் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டுமென்று அப்போது விதிக்கப்பட்டது. ஊக்கமளிப்பதற்கும் பங்கு ஒதுக்குவதற்கும் உள்ள பேதம் பெரிது. முன்னதில் குடியானவர் காத்திருக்கிறார். பின்னதில் நம்பி நடவு செய்கிறார்.

ஒரு கணக்கு.— மத்தியத் திட்டத்தின் அளவுப்படி ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குத் தினம் 50 கிராம் காய்கறி வேண்டும். 100 பிள்ளைகளுக்கு 5 கிலோ; வருஷத்தில் 220 நாள் என்று கொண்டால் 1,100 கிலோ. இத்தகைய பத்துப் பள்ளிகளுக்கு 11 டன் ஆகும். வாழைப்பழத்தின் கணக்கு வேறு. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கே அது மாற்றாக அளிக்கப்படுவது. நூற்றில் பத்துப் பேர் அத்தகையோர் எனில், வாரத்திற்கு 50 பழமே செல்லும். 150 காயுள்ள ஒரு தார் மூன்று வாரத்திற்குப் போதும். எல்லாப் பிள்ளைகளுக்கும் தினம் ஒரு பழம் என்று ஏற்படுமாயின், அப்பள்ளிக்கே வாரம் 500 பழம் வேண்டியதாகும். ஆதலின் இப்போதைக்கு வாழையை மாத்திரம் நம்பாமல், காய்கறியையும் சேர்த்துக்கொள்வதே விவேகம்.

செய்யத்தக்கவை.— முதலாவது, வாழை நட்ட முதல் மூன்று நான்கு மாதங்களில் இடைவெளியில் கீரை, வெண்டை, வெங்காயம் இவற்றைப் பயிரிடலாம். பூசணி, சுரை இனங்களை நீக்கவேண்டும்; அவற்றிலிருந்து தேமல் நோய் வாழைக்குப் பரவக்கூடும். வரப்போரத்தில் முருங்கை வைக்கலாம். இரண்டாவது, கன்றுகளை ஒரே தவணையில் நடாமல் பல தவணையாக நட்டு, மே மாத விடுமுறையில் மிகுதியான தார்கள் வெட்டுக்கு வராதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். மூன்றாவது, கார்பைடுக் கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டவிரோதம். பிள்ளைகள் உண்ணும் பழத்தில் அதை நினைக்கவும் கூடாது. நான்காவது, தனியொருவர் தினந்தோறும் தவறாமல் காய் கொடுப்பது அரிது. பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து முறைவைத்துக் கொடுத்தால், ஒருவர் தோட்டம் ஓய்ந்தாலும் பள்ளியின் அடுப்பு ஓயாது. மாதத்திற்கொரு விலை பேசி, எடைச்சீட்டும் ரசீதும் வைத்துக்கொள்வது இருதரத்தாருக்கும் நலம்.

வாடாத காயைக் காலையில் பறித்து நண்பகலில் உண்ணும் பாக்கியம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் கிட்டாது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கிட்டும். கிட்டச் செய்வது குடியானவரின் ஒற்றுமையும், உள்ளூர்க் கொள்முதலுக்கென்று நிதியில் ஒரு பங்கை ஒதுக்கும் சர்க்காரின் உறுதியுமேயாம்.