கெனனா, நிக்கோனா, சோனியா? கடன்பட்டுக் கமரா வாங்கும் முன்

கமரா வாங்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது அண்ணை?" என்பதைத்தான். கேட்பவர்களில் பலர் கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று படமெடுத்துச் சீவிக்கலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள். சிலர் ஊரில் நடப்பவற்றைப் பதிவுசெய்ய விரும்புபவர்கள். இரு பகுதியினருக்கும் பொதுவான ஒன்று உண்டு. கையில் இருப்பது சொந்தக் காசாக இருப்பதில்லை. அம்மாவின் சங்கிலி அடைவு கடையில் இருக்கும். அல்லது நுண்கடன், லீசிங். அல்லது கனடாவில் இருக்கும் மாமா அனுப்பியது. வாங்கிய கமரா பொருந்தாமற் போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. அதனால் "எல்லாம் நல்லதுதான் தம்பி" என்று சொல்லித் தப்பிவிடவும் முடியாது.

ஆனால் படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் நல்லதுதான். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்த கெனன், நிக்கோன், சோனி கமராக்களில் ஒரே விலைத்தரத்தில் உள்ள மூன்றை எடுத்து, ஒரே வெளிச்சத்தில் ஒரே முகத்தைப் படமெடுத்து அல்பத்தில் அச்சிட்டு வைத்தால், எது எதில் எடுத்தது என்று தொழில் செய்பவர்களே தடுமாறுவார்கள். நிக்கோன் கமராக்கள் பலவற்றின் உள்ளே இருக்கும் சென்சரைச் செய்ததே சோனிதான். "எங்கட தோல் நிறத்துக்குக் கெனன்தான் வடிவு" என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது கமரா தானாகச் செய்து தரும் ஜேபெக் படத்தின் நிறச் சாயலைப் பற்றியது. ரோ கோப்பாக எடுத்துக் கணினியில் திருத்துபவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாக மிஞ்சாது. வெள்ளை வேட்டிக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவில் எங்கள் முகங்கள் கறுத்துப் போவது பிராண்டின் குற்றமல்ல. அந்த வெள்ளையைப் பார்த்துக் கமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. எடுப்பவர்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் பிராண்ட் எங்கே முக்கியமாகிறது? லென்ஸ் பூட்டும் வாயில். கமரா உடல் ஒன்றை வாங்குவது ஒரு குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்வது மாதிரி. அதன்பிறகு லென்ஸ், பிளாஷ், பற்றரி எல்லாம் அந்த வீட்டுப் பக்கமிருந்துதான் வரவேண்டும். உடல் ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருடம் உழைக்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. நிக்கோன் என்ற பெயர் மேற்குலகில் பரவியதற்கு ஒரு போரும் காரணம். 1950இல் 'லைஃப்' சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் நிக்கோனின் லென்ஸ்களைப் பரிசோதித்துப் பார்த்தார். அவற்றோடுதான் கொரியப் போரைப் படமெடுத்தார். ஆனால் அவர் கையில் இருந்த கமரா ஜேர்மனியின் லைக்கா. உடலை மாற்றவில்லை, லென்ஸைத்தான் மாற்றினார்.

இனி ஒவ்வொரு வீடாகப் பார்ப்போம். கெனன் 1987இல் ஈ.எப். என்ற லென்ஸ் வாயைக் கொண்டுவந்தது. அன்றைக்கு வந்த ஈ.எப். லென்ஸும் இன்று பாவித்த நிலையில் கிடைக்கும் எந்தக் கெனன் டி.எஸ்.எல்.ஆர். உடலிலும் பூட்டினால் தானாகப் போகஸ் செய்யும். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். 2018இல் வந்த கண்ணாடியில்லாத ஆர். வரிசைக் கமராக்களிலும் ஓர் இணைப்பு வளையத்தோடு அதே லென்ஸ்கள் முழுமையாக வேலை செய்கின்றன. குறைந்த காசில் தொடங்குபவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஈ.எப்-எஸ் என்று எழுதிய லென்ஸ் சிறிய சென்சர் உடல்களுக்கு மட்டுமே. பிறகு பெரிய சென்சர் டி.எஸ்.எல்.ஆர். வாங்கினால் அது பூட்டாது. மற்றது, 'எம்' வரிசை. கைக்கு அடக்கமாக, மலிவாகப் பாவித்த நிலையில் வருகிறது. 2012இல் தொடங்கிய அந்த வரிசையைக் கெனன் நிறுத்திவிட்டது. அதன் லென்ஸ்கள் ஆர். வரிசையில் பூட்டாது. தொழிலுக்கு அதை எடுக்கவேண்டாம்.

நிக்கோனின் எப். வாய் 1959இலிருந்து இருக்கிறது. பாவித்த லென்ஸ்கள் நிறைய உண்டு, சாமான் உறுதி. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதிகம் மாட்டுப்படும் இடமும் இதுதான். டி3000, டி5000 வரிசை உடல்களுக்குள் போகஸ் மோட்டார் இல்லை. 'ஏ.எப்-டி' என்று எழுதிய பழைய லென்ஸை மலிவென்று வாங்கி டி5300இல் பூட்டினால், கையால்தான் திருகிப் போகஸ் செய்யவேண்டும். மாலை மாற்றும் நேரத்தில் கையால் திருகிக்கொண்டிருக்க முடியாது. அந்த உடலுக்கு 'ஏ.எப்-எஸ்' என்று எழுதிய லென்ஸைத் தேடுங்கள். டி7000 வரிசை உடல்களுக்குள் மோட்டார் உண்டு. பிறகு இசட் வரிசைக்கு மாறினாலும் இதே பிரச்சினை வரும். நிக்கோனின் இணைப்பு வளையத்துக்குள்ளும் மோட்டார் இல்லாததால், 'டி' லென்ஸ்கள் அங்கேயும் தானாகப் போகஸ் செய்யா.

சோனி 2006இல் கொனிக்கா மினோல்ட்டாவின் கமராத் தொழிலை எடுத்துக்கொண்டு வந்த நிறுவனம். 2010இல் ஈ வாயைக் கொண்டுவந்தது, 2013இல் ஏ7. சோனியின் பெரிய பலம், வெளி நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்து வைத்ததுதான். சிக்மா, தம்ரோன் போன்றவை ஈ வாய்க்கு ஏராளமான லென்ஸ்களைச் செய்கின்றன. அசல் சோனி லென்ஸ்களை விட அவை மலிவு. கெனன் தன் ஆர்.எப். வாயை இறுக்கிப் பூட்டி வைத்திருந்து, 2024இல்தான் சிக்மாவுக்கும் தம்ரோனுக்கும் சிறிய சென்சர் லென்ஸ்கள் செய்ய இடம் கொடுத்தது. வீடியோவும் எடுக்கப்போகிறீர்கள் என்றால், புதிதாகவே வாங்க வசதியும் இருந்தால், நான் சோனியைச் சொல்வேன். ஆனால் முதல் தலைமுறை ஏ7, ஏ6000 போன்றவற்றின் சின்னப் பற்றரி ஒரு கல்யாணத்துக்குத் தாங்காது. மூன்று நான்கு கொண்டுபோக வேண்டும். 2017இற்குப் பிறகு வந்த பெரிய பற்றரி உள்ள மொடல்களைப் பாருங்கள்.

தொழிலுக்கென்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: மெமரி காட் எத்தனை போடலாம்? ஒரு காட் பழுதானால் ஒரு குடும்பத்தின் கல்யாணம் முழுவதும் போய்விடும். ஏற்கனவே ஒருமுறை எல்லா அல்பத்தையும் பறிகொடுத்த குடும்பமாக அது இருக்கலாம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தொடக்க நிலை உடல்கள் எல்லாவற்றிலும் ஒரு காட்தான். நிக்கோன் டி7200இல் இரண்டு. அதற்குப் பின் வந்த டி7500இல் ஒன்று. புதியது என்பதற்காக மேலானது என்று அர்த்தமில்லை. கெனனில் 5டி மார்க் 3, சோனியில் ஏ7இன் மூன்றாம் தலைமுறை, இவற்றில் இரண்டு காட் போடலாம்.

இவ்வளவும் சொன்னபிறகும் பிராண்டைத் தீர்மானிக்கவேண்டிய மிகப் பெரிய விடயம் கமராக் கடையில் இல்லை. உங்கள் ஊரில், நீங்கள் உதவிக்குப் போகப்போகும் ஸ்ரூடியோவில் என்ன பாவிக்கிறார்கள்? பக்கத்து ஊர்ப் படப்பிடிப்பாளர் கெனன் வைத்திருந்தால், அவருடைய 70-200 லென்ஸை ஒரு நாளைக்கு வாடகைக்கு வாங்கலாம். பற்றரி தீர்ந்தால் அவருடையதைப் போடலாம். கெனன் 60டி, 80டி, 6டி, 5டி மார்க் 3 எல்லாவற்றுக்கும் ஒரே பற்றரி. நிக்கோன் டி7000, டி750, டி850 ஆகியவற்றுக்கும் அப்படித்தான். ஊரில் தனியாக ஒரு பிராண்டை வைத்திருப்பவர் ஒரு சின்னப் பழுதுக்கும் கொழும்புக்கு பஸ் ஏறவேண்டியிருக்கும். அந்த இரண்டு நாட்களில் ஒரு விழா வந்தால் அதுவும் போய்விடும்.

2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனதிலிருந்து புதுக் கமரா பலருக்கு எட்டாத சாமானாகிவிட்டது. பாவித்ததை வாங்குவதில் வெட்கமில்லை; ஆனால் பார்த்து வாங்கவேண்டும். கமராவின் சட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பது வாகனத்தின் மைல் கணக்கு மாதிரி. நிக்கோனில் அந்த எண் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். ஒரு படம் எடுத்துக் கணினியில் போட்டால் பார்க்கலாம். கெனனின் பெரும்பாலான மொடல்களில் அப்படி எழுதப்படுவதில்லை. கமராவைக் கணினியோடு இணைத்துத் தனி மென்பொருளால் பார்க்கவேண்டும். டி7200, 5டி மார்க் 3 போன்றவை 150,000 தடவைக்கென்று சோதிக்கப்பட்டவை. 140,000 அடித்த உடலைப் புதுசு விலைக்குக் கிட்ட யாரும் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கத்தால் ரோச் லைட் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடியிருந்தால் அது பூஞ்சணம். எங்கள் கடற்கரைக் காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் அலுமாரிக்குள் வைத்த லென்ஸ் எதுவாயினும் அது பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் நான்கு சிலிக்கா ஜெல் பைகளும் போதும்.

வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்து தரும் கமராவைப் பற்றியும் சொல்லவேண்டும். உத்தரவாதம் பல நேரங்களில் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். வாங்கும் முன்பே மாமாவைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பானில் விற்கும் சோனி உடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் வரும், மாற்ற முடியாது. கனடாவிலிருந்து வருவது அந்த நாட்டு 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ப 30 அல்லது 60 சட்டங்களில் வீடியோ எடுக்கும்படி இருக்கும். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அப்படியே எடுத்தால் மண்டபத்து ரியூப் லைட் வீடியோவில் துடிக்கும். மெனுவில் பால் முறைக்கு மாற்றி, 25 அல்லது 50 சட்டங்களில் வைத்து, சட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வையுங்கள்.

ஊர்ப் பதிவுக்காக வாங்குபவர்களிடம் இப்போது விற்பனையாளர்கள் ஒரு புதுக் கதை சொல்கிறார்கள். "இந்த பிராண்டில் எடுத்த படம் உண்மையானது என்று கமராவே முத்திரை போடும்" என்பது. எங்களில் பலருக்கு அது காதில் தேனாக விழும். கண்ணால் கண்டதையே பொய் என்று சொன்னதைக் கேட்டுவந்தவர்கள் நாங்கள். ஆனால் கெனனும் நிக்கோனும் முன்னர் செய்த இப்படியான முத்திரைகளை ரஷ்யாவின் எல்கொம்சொப்ட் நிறுவனம் 2010இலும் 2011இலும் உடைத்துக் காட்டியது. புதிய முறைகள் வந்திருக்கின்றன, அவை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை. அதற்காக மட்டும் கூடக் காசு கொடுக்காதீர்கள். கமராவின் மணிக்கூட்டை இலங்கை நேரத்துக்கு வையுங்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த கமரா ரொறன்ரோ நேரத்தைத்தான் எழுதும். வெட்டாத, திருத்தாத அசல் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். அதில் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கவேண்டாம். இதற்கு எந்த பிராண்டும் போதும்.

கடைசியாக, பலரும் கமரா வாங்கும்போது யோசிக்காத ஒரு வேலை. காணாமல் ஆக்கப்பட்டவரின், இறந்தவரின் ஒரேயொரு படத்தை, பெரும்பாலும் அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தை, அம்மாமார் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். இடம்பெயர்வுகளில் மிஞ்சியது அதுவாகத்தான் இருக்கும். இந்த வேலைக்கு விலை கூடிய 50 மி.மீ. லென்ஸை விட, கமராவோடு வரும் 18-55 லென்ஸ் கிட்டப் போகும். பிளாஷ் போடாமல், வாசற்பக்கம் நிழல் வெளிச்சத்தில், படத்தை மட்டமாக வைத்து, கமராவை முக்காலியில் நேர் மேலாக நிறுத்தி எடுங்கள். லமினேட் செய்த படம் பளபளத்தால் கமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடியுங்கள். அல்பத் தாளில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவேண்டாம், ஒட்டியபடியே எடுங்கள். இன்னும் கிட்டப் போகவேண்டுமென்றால் உடலுக்கும் லென்ஸுக்கும் இடையில் போடும் வெற்று வளையங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. மின் தொடுகை உள்ளதாகப் பார்த்து எடுங்கள், கெனன் ஈ.எப்., நிக்கோன் எப்., சோனி ஈ என்று வளையமும் வாய்க்கு வாய் வேறு.