குசினிக்குள் ஒரு ராக்கூத்து

"மெதுவா வாங்க தம்பி, லைட்ட போட்டுறாதீங்க!"

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்து லயம். இரவு பத்து மணி. தகரத்தில் மழை தடதடக்கிறது. கொழுந்துக்குக் கட்டிப் போன படங்கு இஸ்தோப்பில் சொட்டிக்கொண்டு தொங்குகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரத் தோட்டத்தைப் பார்க்கத்தான் இந்த மலைக்கு ஊரெல்லாம் வருகிறது. நமக்கோ குசினியில் கரப்பான் தரிசனம்!

"இதப் பாக்கவா கொழும்புல இருந்து வந்தீங்க?" வீட்டுக்கார அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டோர்ச் முகத்தில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டேன். சிவப்பு வெளிச்சம் கரப்பான் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

முதல் காட்சி, தண்ணீர் பீப்பாய்க்குப் பின்னால். ஈரச் சாக்கைத் தூக்கினால், அடேயப்பா! அரை டசின் மீசைகள் ஆடுகின்றன. ஒரு சின்னக் கரப்பான் முட்டைப் பையை வாலில் மாட்டிக்கொண்டு, பிரசவத்துக்கு நாள் குறித்தவள்போல நகர்கிறது. உள்ளே முப்பது நாற்பது குஞ்சுகள். சோறில்லாமல் ஒரு மாதம்கூட ஓட்டிவிடும் இந்த ஜாதி. தண்ணீரில்லாமல் இரண்டு வாரம் தாண்டாது.

அடுத்து காம்பரா. ஓதமேறிய சுவரில் பழைய கலண்டர். மெல்ல விலக்கினேன், வெள்ளித் துண்டொன்று மீன்போல் வழுக்கி ஓடியது. வெள்ளிப்பூச்சி! தாளின் பசைதான் அதற்கு விருந்து. தகரப் பெட்டிக்குள் மகளின் பழைய கொப்பி. ஓரமெல்லாம் சுரண்டல், தாளில் தூசி நடக்கிறது. குனிந்து பார்த்தால் தூசியல்ல, பூஞ்சணம் தின்னும் புத்தகப்பேன்.

"அப்ப பிறப்பு அத்தாட்சிப் பத்திரமெல்லாம் எங்கக்கா?" பதறிவிட்டேன்.

அக்கா அடுப்புக்கு மேலே கை காட்டினார். புகையேறிக் கறுத்த பரணில் விறகு காய்கிறது. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். ஏறிப் பார்த்தேன். அடுப்புச் சூட்டில் ஈரமுமில்லை, மீசையுமில்லை, வெள்ளியுமில்லை. பத்திரம் மொறமொறவென்று இருந்தது. வியர்த்து இறங்கிய எனக்கு ஒரு பிளேன்டீ.

மருந்து வாங்க ஓடுமுன் வீட்டில் ஈரம் எங்கே என்று பாருங்கள். சொட்டும் குழாயை இறுக்குங்கள், நனைந்த சாக்கை வெயிலில் போடுங்கள், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரம் போனால் கூத்தும் போய்விடும்.