முழங்கால் சிகிச்சையும் புல்-அப் பயிற்சியும்

முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுவை சிகிச்சை பெற்ற இளைஞர்கள் பலர், கால் தேறும் வரை கம்பியில் தொங்கிப் புல்-அப் செய்யலாமா என எங்களிடம் வினவுகின்றனர். மருத்துவர் அனுமதித்தபின் செய்யலாம். இப்பயிற்சியில் உழைப்பவை முதுகும் கைகளுமே. ஆயினும் முடிவில் தரையில் குதிப்பது ஆபத்தானது. பொருத்தப்பட்ட தசைநார், சிகிச்சைக்குப் பின் 6 முதல் 12 வாரங்களில் மிகவும் வலுக்குன்றியிருக்கும். வலி தணிந்துவிடுவதால் பலர் இதனை உணர்வதில்லை.

ஆகவே, தொங்கும்போதே பாதம் எட்டும் உயரத்தில் அசையாத முக்காலி ஒன்றை வையுங்கள். ஏறும்போது நலமான காலும், இறங்கும்போது சிகிச்சை பெற்ற காலும் முன்செல்லட்டும்.

உடல் எடையுடன் மட்டும் 8 முதல் 10 முறை ஆடாமல் செய்ய முடிந்த பின்னர், இயன்முறை மருத்துவரின் ஒப்புதலுடன் 1.25 அல்லது 2.5 கிலோ சேர்க்கலாம். எடையைப் பாதங்களுக்கிடையே இடுக்காதீர்கள். அது முழங்காலை இழுக்கும். இடுப்புப் பெல்ட்டில் தொங்கவிடுவதே நன்று. அவ்வெடை ஏறி இறங்கும் காலை அழுத்தாதிருக்க, முக்காலியில் நின்றபின் வீட்டார் ஒருவர் அதனை மாட்டி, இறங்குமுன் கழற்றிவிடட்டும்.

மறுநாள் மூட்டு வீங்கியிருப்பின் பயிற்சியை நிறுத்தி எங்களை அணுகுங்கள்.