அயலாரையும் சேர்த்து வாங்கும் வீடு

வீடு பார்க்கச் செல்லும் குடும்பத்தார் அறைகள் எத்தனை என்று கேட்பார்கள், தண்ணீர் வசதியைக் கேட்பார்கள், பிறகு குரலைச் சற்றே தாழ்த்தி, "பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள்?" என்பார்கள். நம்மவர் கேட்கும் இந்த ஒரு கேள்விக்குள் சாதி, மதம், மொழி யாவும் அடங்கிவிடும். சிங்கப்பூரிலோ இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பை அரசே ஏற்றுக்கொண்டுள்ளது. நம் உற்றார் உறவினர் பலர் குடியேறி வாழும் நாடாகையால், அங்கே வீடு வாங்குவது எத்தகையது என்று அறிந்துகொள்வது நலம்.

அந்நகரில் இனத்துக்கொரு பகுதி என்ற வழக்கம் ஆங்கிலேயர் காலத்தது. 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டமே சீனர், இந்தியர், மலாய்க்காரர், அராபியர், ஐரோப்பியர் ஆகியோரைத் தனித்தனியே பிரித்து வைத்தது. பிரிந்து வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அறியாதிருந்தனர், அறியாமை அச்சமாயிற்று. 1964ஆம் ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் மூண்ட இனக்கலவரங்களில் 36 உயிர்கள் மாண்டன.

1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குடிசைகளிலும் நெரிசல் மிக்க கடைவீடுகளிலும் வாழ்ந்தோரை அடுக்குமாடிகளில் கலந்து குடியமர்த்தியது. 1968 முதல் தொழிலாளர்கள் தம் மத்திய சேமநிதியைக் கொண்டே 99 ஆண்டுக் குத்தகையில் வீட்டை உடைமையாக்கிக்கொள்ள வழி பிறந்தது. ஆயினும் வீடுகள் கைமாறத் தொடங்கியதும் பழைய பிரிவினை மெல்லத் தலைகாட்டிற்று. பிடோக், தெம்பனீஸ் வட்டாரங்களில் மலாய்க்காரரும், ஹவ்காங்கில் சீனரும் திரளலாயினர். இதனைக் கண்டே 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராயிருந்தவர் தமிழரான திரு. எஸ். தனபாலன்.

இதன்படி ஒரு கட்டடத்தின் வீடுகளில் சீனர் 87 விழுக்காட்டுக்கும், மலாய்க்காரர் 25 விழுக்காட்டுக்கும் மேற்படலாகாது. இந்தியருக்கும் பிறருக்கும் முதலில் 13 விழுக்காடாயிருந்த வரம்பு 2010இல் 15 ஆயிற்று. வட்டாரம் முழுமைக்கும் இவற்றினும் சற்றுக் குறைவான வரம்புகள் உண்டு.

சரி, இப்படிப்பட்ட வீட்டில் வாழ்வது எப்படியிருக்கும்? தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்த் திருமணம். பிரியாணி மணம் பத்தாம் மாடி வரை ஏறும். மறு வாரம் அதே இடத்தில் சீன முதியவர் ஒருவரின் சவப்பெட்டியைச் சுற்றி உறவினர் இரவெல்லாம் விழித்திருப்பர். தீபாவளியன்று நம்மவர் வாசலில் கோலம். சீனரின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காகத் தாள் எரிக்கும் தகரத் தொட்டி. ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் பிள்ளைகள், யார் எதை உண்பார், எதை உண்ணார் என்பதைப் பாடப்புத்தகமின்றியே கற்றுவிடுகின்றனர். இத்தகைய கல்விக்கு எந்தப் பள்ளியில் கட்டணம் செலுத்த முடியும்?

சச்சரவே இல்லையென்று கூறுவதற்கில்லை. இந்தியக் குடும்பம் ஒன்றின் குழம்பு வாசனையைச் சகிக்க முடியவில்லை என்று, சீனாவிலிருந்து புதிதாய் வந்த அண்டை வீட்டார் முறையிட்டனராம். அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் மட்டுமே குழம்பு வைப்பதென்று சமரசம் செய்யப்பட்டது. இச்செய்தி 2011இல் நாளிதழில் வெளியாயிற்று. கொதித்தெழுந்தோர் இந்தியர் மட்டுமல்லர். அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று சீனரும் மலாய்க்காரரும்கூடத் தத்தம் வீட்டில் குழம்பு கொதிக்கவிட்டு அக்குடும்பத்தின் பக்கம் நின்றனர்! பலகாலம் சேர்ந்து வாழ்ந்ததன் பயனே இது எனக் கருதுகிறோம்.

இனி, பலர் பேசத் தயங்கும் செய்திக்கு வருவோம். ஒரு கட்டடத்தில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோரில் பெரும்பாலோர் சீனராயிருக்கும் நாட்டில், எஞ்சிய சிலரிடையே அவர் ஆள் தேட வேண்டும். மாதங்கள் கழியும், விலையும் இறங்கும். அண்டை வீட்டுச் சீனருக்கோ அத்தொல்லை இல்லை; தம் இனத்தாருக்கே விற்றுவிடலாம். நாட்டின் ஒற்றுமைக்கான செலவில் பெரும்பங்கு சிறுபான்மையோர் தலையில் விழுகிறது. மகளின் திருமணத்துக்கோ முதுமைக்கால மருத்துவத்துக்கோ வீட்டை விற்க நேர்ந்தவரிடம் இதைச் சிறு குறை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அரசும் இதனை உணராமலில்லை. பத்தாண்டேனும் வீட்டை வைத்திருந்து, விற்க முயன்றும் இயலாமல் தவிப்போரிடமிருந்து கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. காலந்தாழ்ந்த உதவி எனினும் உதவியே. கொள்கையைக் கைவிடலாமே என்போரும் உளர். கைவிட்டால் ஹவ்காங்கும் தெம்பனீஸும் மீண்டும் எப்படியாகும் என்று அவர்கள் கூறியாக வேண்டும்.

அங்கே வீடு வாங்க எண்ணும் நம் உறவினருக்கு ஒரு சொல்: எந்தக் கட்டடத்தில் எந்த இனத்தாருக்கு இடமுண்டு என்பதைக் கழகம் மாதந்தோறும் அறிவிக்கிறது. நமக்கு இடமுண்டா என்பதோடு, பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் யாருக்கு விற்கலாம் என்பதையும் முன்பணம் கொடுக்குமுன் அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.