நிரலாக்க முதுமொழிகளில் நகையும் ஏதுவும்

ஆய்வுச் சுருக்கம்

கணிப்பொறி நிரலாக்கத் துறையில் நகைச்சுவையோடு கூடிய அறிவுரைத் தொடர்கள் பல வழங்குகின்றன. 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் அச்சேறியவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றில் நகையும் ஏதுவும் இயைந்து நிற்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பியம் முதுமொழிக்குக் கூறும் இலக்கணம் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ஏதுவை இழந்து வழங்கும்போது இத்தொடர்கள் சொன்னவரின் கருத்துக்கு மாறாகவும் பயன்படுகின்றன என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: நிரலாக்கம், முதுமொழி, ஏது, நகை, அங்கதம், பெர்லிஸ், புரூக்ஸ், குனுத்

முன்னுரை

உழவு, நெசவு, கடல்தொழில் போன்ற ஒவ்வொரு தொழிலும் தனக்கெனச் சில மொழிகளைப் படைத்துக்கொள்கிறது. பல தலைமுறைப் பட்டறிவு அவற்றுள் திரண்டு நிற்கும். நிரலாக்கம் முக்கால் நூற்றாண்டு வரலாறே உடைய இளந்தொழில். எனினும் அதற்கும் அத்தகைய மொழிகள் உண்டு. பழமொழிகளைப் போலன்றி, இவற்றைச் சொன்னவர் யார், எந்த ஆண்டில், எந்த இடத்தில் சொன்னார் என்பன பெரும்பாலும் அறியப்பட்டுள்ளன. ஒரு கூற்று தன் மூலக் கட்டுரையிலிருந்து பிரிந்து வழக்குத்தொடராக மாறும்போது எதை இழக்கிறது என்பதை ஆராய இது வாய்ப்பளிக்கிறது.

முதுமொழி இலக்கணம்

தொல்காப்பியச் செய்யுளியல் முதுமொழிக்கு நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, எண்மை ஆகிய பண்புகளைக் கூறுகிறது. அதனோடு, குறித்த பொருளை முடித்துக் காட்டும் ஏதுவைக் கருதி வருவது முதுமொழி என்றும் வரையறுக்கிறது. முதல் நான்கும் வடிவம் பற்றியவை. ஏது என்பது காரணம். சுருக்கமும் தெளிவும் மட்டும் ஒரு தொடரை முதுமொழியாக்குவதில்லை. அது தன் கருத்துக்குரிய காரணத்தையும் சுட்டவேண்டும். நிரலாக்க முதுமொழிகளை ஏது அமைந்துள்ள இடத்தைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கலாம்: ஏது தொடருக்குள்ளேயே அமைந்தவை, தொடரின் வடிவமே ஏதுவாக அமைந்தவை, ஏது தொடருக்கு வெளியே நிற்பவை.

ஏது உள்ளே அமைந்தவை

பிரையன் கெர்னிகனும் பி. ஜே. பிளாகரும் 1974-இல் வெளியிட்ட நிரலாக்க நடை பற்றிய நூலில் ஒரு கருத்து இடம்பெறுகிறது. ஒரு நிரலை எழுதுவதைவிட அதன் வழுவைக் களைவது இருமடங்கு கடினம். ஆகவே ஒருவர் தம் முழுத் திறமையையும் செலவிட்டு நிரலை எழுதினால், அதன் வழுவைக் களையும் திறமைக்கு எங்கே போவார் என்பது அதன் சாரம். இங்கே முற்கோளும் முடிவும் ஒரே தொடரில் அடங்கியுள்ளன. முற்கோளை ஏற்றவர் முடிவையும் ஏற்றே ஆகவேண்டும். தம் திறமையே தமக்கு எதிராகத் திரும்புவதைப் படிப்பவர் காண்பதில் நகை பிறக்கிறது. இத்தொடர் எங்கு எடுத்தாளப்பட்டாலும் தன் காரணத்தை உடன்கொண்டு செல்கிறது.

வடிவமே ஏதுவானவை

பெல் ஆய்வகத்தைச் சார்ந்த டாம் கார்கிலின் கூற்றை ஜான் பென்ட்லி 1985-இல் தம் இதழ்ப் பத்தியில் வெளியிட்டார். ஒரு நிரலின் முதல் 90 விழுக்காட்டுப் பகுதிக்கு, ஒதுக்கிய காலத்தில் 90 விழுக்காடு செலவாகும். எஞ்சிய 10 விழுக்காட்டுப் பகுதிக்கு இன்னொரு 90 விழுக்காடு செலவாகும் என்பது அதன் கருத்து. இரண்டையும் கூட்டினால் 180 வருகிறது. கணக்குப் பிழைபோல் தோன்றும் இதுவே கூற்றின் பொருள்: திட்டமிட்ட காலத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு செலவாகிறது.

டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1979-இல் தம் நூலில் கூறிய விதியும் இவ்வகையினது. எந்த வேலையும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் காலம் எடுக்கும். இவ்விதியைக் கணக்கில் கொண்டு மதிப்பிட்டாலும் அவ்வாறே ஆகும் என்கிறது அது. சதுரங்கம் ஆடும் நிரல்கள் மனிதரை வெல்லும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததைப் பேசும் இடத்தில் இது வருகிறது. விதி தன்னையே தனக்குள் அழைத்துக்கொள்கிறது. நிரலாக்கத்தில் தற்சுழற்சி எனப்படும் உத்தியின் வடிவமும் இதுவே. முடிவற்றுச் சுழலும் அவ்வடிவத்தைக் கண்டுகொள்வதே விதியின் காரணத்தை உணர்வதாகும்.

அங்கதமும் சொல்விளையாட்டும்

ஏ.சி.எம். என்னும் கணிப்பொறியியல் அமைப்பு வழங்கும் டூரிங் விருதை 1966-இல் முதன்முதலாகப் பெற்றவர் ஆலன் பெர்லிஸ். அவர் 1982-இல் சிக்பிளான் நோட்டீசஸ் இதழில் 130 மணிமொழிகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று லிஸ்ப் மொழி நிரலர்களைப் பற்றியது. அவர்கள் எல்லாவற்றின் மதிப்பையும் அறிவர், எதன் விலையையும் அறியார் என்பது அதன் பொருள். ஆஸ்கர் வைல்டின் நாடகம் ஒன்றில் வரும் புகழ்பெற்ற கூற்றைத் தலைகீழாக்கியது இது. லிஸ்ப் மொழியில் ஒவ்வொரு கோவையும் ஒரு மதிப்பைத் திருப்பித் தரும். அதற்காகும் நினைவகமும் நேரமும் எழுதுபவர் கண்ணில் படுவதில்லை. புகழ்வதுபோல் தொடங்கிக் குறை சுட்டி முடியும் இம்மொழியைப் பழிகரப்பு அங்கதத்தோடு ஒப்பிடலாம்.

மாறாக, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975-இல் எழுதிய குறிப்பு ஒன்றில் கோபால் மொழி மனத்தை முடமாக்குவது என்றும், அதைக் கற்பிப்பதைக் குற்றமாகக் கருதவேண்டும் என்றும் சாடினார். இது வெளிப்படையான செம்பொருள் அங்கதம். லிஸ்ப் மொழியின் இயல்பை அறிந்தவர்க்குப் பெர்லிஸின் மொழி தன் ஏதுவைத் தானே தருகிறது. டைக்ஸ்ட்ராவின் சாடல் தீர்ப்பை மட்டுமே தருகிறது. அங்கதம் கூர்மையாக இருப்பதும் ஏது உடையதாக இருப்பதும் வேறுவேறு என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

ஏது வெளியே நிற்பவை

வழக்கில் மிகுதியும் அடிபடும் மொழிகள் இவ்வகையினவே. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 இயக்கமுறைமையை உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்ற பிரெடரிக் புரூக்ஸ், 1975-இல் வெளியிட்ட நூலில் ஒரு விதியைக் கூறினார். காலந்தாழ்ந்த மென்பொருள் திட்டத்தில் ஆள்களைக் கூட்டினால் அது மேலும் தாழும் என்பது அவ்விதி. முரணாகத் தோன்றும் இதற்கு அவர் காரணங்களை விரித்துரைத்தார். புதியவர்க்குக் கற்பிக்கப் பழையவரின் நேரம் செலவாகும். வேலையை மறுபடியும் பிரிக்கவேண்டும். ஒருவரோடொருவர் பேசவேண்டிய இணைப்புகளும் பெருகும். 5 பேர் குழுவில் இருவர் இருவராகக் கணக்கிட்டால் 10 இணைப்புகள். 10 பேர் குழுவில் அவை 45. ஆள் இருமடங்காக, இணைப்பு நாலரை மடங்காகிறது. இவ்விதி நிலைமையை அளவுமீறி எளிமைப்படுத்துகிறது என்பதைப் புரூக்ஸே ஒப்புக்கொண்டார். காரணத்தை விட்டு விதியை மட்டும் கொண்டவர், தொடக்க நிலையிலுள்ள திட்டத்திற்கும் ஒன்றையொன்று சாராத பணிகளுக்கும் ஆள் சேர்ப்பதையும் தவறெனக் கருதிவிடலாம்.

டொனால்ட் குனுத்தின் கூற்று இன்னும் தெளிவான சான்று. காலத்திற்கு முந்திய உகப்பாக்கமே எல்லாத் தீமைக்கும் வேர் என்னும் கருத்து, அவர் 1974-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் உள்ளது. ஆனால் அங்கு அது தனித்து நிற்கவில்லை. ஏறத்தாழ 97 விழுக்காட்டு இடங்களில் சிறுசிறு விரைவு ஆதாயங்களை மறந்துவிடவேண்டும் என்பது அதற்கு முன்னே வருகிறது; எஞ்சிய இன்றியமையாத 3 விழுக்காட்டு இடங்களில் வாய்ப்பை நழுவவிடக்கூடாது என்பது பின்னே வருகிறது. அவ்விடங்கள் எவை என்பதை அளந்து கண்டறிந்த பின்னரே திருத்தவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். முன்னும் பின்னும் நறுக்கப்பட்ட நடுப்பகுதியே வழக்கில் நிலைத்தது. மெதுவாக இயங்கும் நிரலை எழுதிவிட்டுக் குனுத்தைச் சான்று காட்டும் போக்குக்கு அது இடந்தந்தது.

சோதனை நிரலில் வழு உண்டு என்று காட்டும், வழு இல்லை என்று ஒருபோதும் காட்டாது என்னும் டைக்ஸ்ட்ராவின் கருத்தும் இத்தகையது. 1972-இல் நூல்வடிவம் பெற்ற தம் குறிப்புகளில் அவர் இதற்கு ஒரு கணக்குக் காட்டினார். இரண்டு 27 இரும எண்களைப் பெருக்கும் கருவியை முழுதும் சோதிக்க 2-இன் 54-ஆம் அடுக்கு அளவு பெருக்கல்கள் தேவை. ஒரு பெருக்கலுக்குச் சில பத்து மைக்ரோவிநாடி ஆனாலும் மொத்தம் 10,000 ஆண்டுகள் ஆகும். ஆகவே நிரலின் சரித்தன்மையை அதன் கட்டமைப்பைக்கொண்டே உறுதிசெய்யவேண்டும் என்பது அவர் வாதம். கணக்கை அறியாதவர்க்கு இத்தொடர் சோதனையே வீண் என்று சொல்வதுபோல் தோன்றக்கூடும்.

நகையும் மடனும்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து நகை பிறக்கும் என்கிறது மெய்ப்பாட்டியல். இவற்றுள் எள்ளல் டைக்ஸ்ட்ராவிடம் உள்ளது. தம் அறியாமையைத் தாமே கண்டு நகும் பேதைமை ஹாஃப்ஸ்டாட்டரின் விதியில் உள்ளது. மடன் என்பதைப் பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என உரைமரபு விளக்கும். ஏதுவை அறியாமல் முதுமொழியைப் பற்றிக்கொள்ளும் நிரலரின் நிலை இதுவே. பிறர் பிழையை நகுவதற்குப் பிறந்த தொடர், தன்னை ஓதுபவரையே நகைப்புக்குரியவராக்கிவிடுகிறது.

பெர்லிஸ் இந்த இடரை உணர்ந்திருந்தார். தம் தொகுப்பின் இறுதியில் மணிமொழிகளைப் பற்றியே சில மணிமொழிகளைச் சேர்த்தார். அவை நுணுக்க விவரங்களைப் புறக்கணித்துக் கருத்தை நாட்டுபவை என்றார். புரதத்தைவிட உயிர்ச்சத்துக்கு நெருக்கமானவை என்றும் குறிப்பிட்டார். உயிர்ச்சத்து உணவோடு சேர்ந்து பயன்படுமே அன்றித் தானே உணவாகாது.

முடிவுரை

நிரலாக்க முதுமொழிகளில் நகை வெறும் அணியன்று. காரணத்தை நினைவில் நிறுத்தும் கருவி. ஏது உள்ளே அமைந்தவையும் வடிவத்தில் அமைந்தவையும் இடம் மாறினாலும் பொருள் திரிவதில்லை. ஏது வெளியே நிற்பவை மூலத்திலிருந்து பிரிந்தவுடன் திரிபுக்கு ஆட்படுகின்றன. கணிப்பொறியியலைத் தமிழில் கற்பிப்போர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் இப்பாகுபாடு பயன்படும். முதலிரு வகைகளில் தொடரை மட்டும் பெயர்த்தல் போதும். மூன்றாம் வகையில் புரூக்ஸின் 45 இணைப்புகளும் குனுத்தின் 3 விழுக்காடும் டைக்ஸ்ட்ராவின் 10,000 ஆண்டுகளும் தொடரோடு சேர்ந்து வரவேண்டும். அவை இன்றிப் பெயர்க்கப்படும் தொடர் சுருக்கம் உடையதாக இருக்கலாம். தொல்காப்பியம் கூறும் முதுமொழி ஆகாது.